இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டா என்ன? – ஒரு கணக்கு

போன இதழ்ல கோடிங் பத்தி நிறைய பேசியாச்சு. இந்தத் தடவை உடம்புக்குள்ள ஓடுற ஒரு கணக்கைப் பார்க்கலாம். மருத்துவ மாணவர்தான் எழுதணும்னு இல்ல. கிராஃப் படிக்கத் தெரிஞ்சா போதும், நமக்கும் புரியும்.

முதல்ல ஒரு கேள்வி. ரெண்டு பேர், ஒரே வயசு. ரெண்டு பேரும் 18 வயசுல சிகரெட் ஆரம்பிக்கிறாங்க. முதல் ஆள் ஒரு நாளைக்கு 5 சிகரெட், 40 வருஷம் விடாம. ரெண்டாவது ஆள் ஒரு நாளைக்கு 20 சிகரெட், ஆனா 10 வருஷத்தோட நிறுத்திட்டார். பெருக்கிப் பாருங்க: ரெண்டு பேரும் பிடிச்சது 73,000 சிகரெட். இப்போ ரெண்டு பேருக்கும் 58 வயசு. யாருக்கு நுரையீரல் புற்றுநோய் வர்ற ஆபத்து அதிகம்?

"ரெண்டு பேருக்கும் சமம்"னு தோணும். கிடையாது. முதல் ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம், அதுவும் பல மடங்கு. ஏன்னு புரிஞ்சா, சிகரெட்டை நிறுத்துறதுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு, அதுக்குன்னே ஏன் தனியா கிளினிக்கும் ஹெல்ப்லைனும் நடத்துறாங்கன்னு எல்லாமே புரிஞ்சிடும்.

எண்ணிக்கையை விட வருஷம்தான் முக்கியம்

1950-ல இங்கிலாந்துல ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில்னு ரெண்டு பேர் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இருக்கிற தொடர்பை டேட்டாவோட காட்டினாங்க. 1951-ல அங்க இருக்கிற டாக்டர்களையே ஆய்வுல சேர்த்து, 50 வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. அந்த டேட்டாவை வச்சு 1978-ல டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் ஒரு விஷயம் சொன்னாங்க: ஆபத்து, புகைச்ச வருஷங்களோட நான்காம் அல்லது ஐந்தாம் அடுக்கு அளவுக்கு ஏறுது.

நம்ம மொழியில சொன்னா, இது நேர்கோடு இல்ல, பவர் லா. நான்காம் அடுக்குன்னே வச்சுக்குவோம். 15 வருஷம் புகைச்சவரையும் 30 வருஷம் புகைச்சவரையும் ஒப்பிட்டா வருஷம் ரெண்டு மடங்கு, ஆனா ஆபத்து 2-ன் நான்காம் அடுக்கு, அதாவது 16 மடங்கு. ஒரு நாளைக்கு எத்தனைங்கிறதும் முக்கியம்தான். ஆனா வருஷக் கணக்கு அளவுக்கு அது செங்குத்தா ஏறாது.

ஏன் இப்படி? புகையில இருக்கிற ரசாயனங்கள் நுரையீரல் செல்லோட டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருஷம் புகைச்சா, நுரையீரல் செல் ஒவ்வொண்ணுலயும் சராசரியா 150 மரபணு மாற்றம் சேருதுன்னு 2016-ல வந்த ஒரு ஆய்வு கணக்கு போட்டுச்சு. ஒரே ஒரு மாற்றத்தால புற்றுநோய் வந்துடாது. ஒரே செல்லுல, சரியான சில இடங்கள்ல, ஒண்ணு மேல ஒண்ணா பல மாற்றம் சேரணும். நாலு பூட்டு இருக்கிற கதவு மாதிரி. ஒரு பூட்டு திறந்தா ஒண்ணும் ஆகாது. வருஷம் போகப் போக மிச்சப் பூட்டும் ஒவ்வொண்ணா திறக்கும். அதனாலதான் முதல் பத்து வருஷம் கிராஃப் தரையில படுத்திருக்கும், முப்பது வருஷம் தாண்டினா சுவர் மாதிரி எழும்பும்.

"நான் மூணு வருஷமா அடிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்ற நண்பருக்கு இதுதான் பதில். நீங்க இப்போ கிராஃபோட தட்டையான பகுதியில நிக்கிறீங்க. இறங்குறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நிறுத்தினா என்ன நடக்கும்?

இங்க நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. நிறுத்தின உடனே ஆபத்து பூஜ்யம் ஆகாது. ஆனா சுவர் மாதிரி எழும்பிட்டிருந்த கிராஃப், நிறுத்தின இடத்துலயே கிட்டத்தட்ட நின்னுடும். புகையால கூடுதலா வந்த ஆபத்து அந்த அளவுலயே தங்கிடும், மேல ஏறாது. தொடர்ந்து புகைக்கிறவருக்கு அது ஏறிக்கிட்டே போகும். அதனால வருஷம் ஆக ஆக ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி பெருசாகும். நிறுத்தி 10 முதல் 15 வருஷத்துல, தொடர்ந்து புகைக்கிறவரை விட ஆபத்து பாதியாகிடும்.

பீட்டோவும் அவரோட குழுவும் 2000-ல இங்கிலாந்து ஆண்களை வச்சு போட்ட கணக்கைப் பாருங்க. 75 வயசுக்குள்ள நுரையீரல் புற்றுநோயால இறக்க எவ்வளவு வாய்ப்பு?

கடைசி வரை சிகரெட்டை விடாதவங்க: 100-க்கு 16 பேர்
60 வயசுல நிறுத்தினவங்க: 10 பேர்
50 வயசுல நிறுத்தினவங்க: 6 பேர்
40 வயசுல நிறுத்தினவங்க: 3 பேர்
30 வயசுல நிறுத்தினவங்க: 2 பேர்

இது அந்த ஊர்ல சிகரெட் பிடிக்கிறவங்க கணக்கு. நம்ம ஊர்ல அதே எண்கள் அப்படியே வரணும்னு இல்ல. ஆனா கிராஃபோட வடிவம் இதேதான். 60 வயசுல நிறுத்தினாலும் பலன் இருக்கு, 30-க்குள்ள நிறுத்தினா ஏறக்குறைய முழுசா தப்பிச்சுக்கலாம்.

இன்னொரு ஆச்சரியமான விஷயம். 2020-ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வுல, 16 பேரோட மூச்சுக்குழாய் செல்களை எடுத்து ஒவ்வொரு செல்லோட டி.என்.ஏ.வையும் படிச்சாங்க. புகைக்கிறவங்ககிட்ட பெரும்பாலான செல்கள் சேதமாகிக் கிடந்துச்சு. ஆனா நிறுத்தினவங்ககிட்ட, புகையே படாத மாதிரி இருக்கிற செல்கள் புகைக்கிறவங்களை விட நாலு மடங்கு வரை அதிகமா இருந்துச்சு. சிலர்கிட்ட மொத்த செல்கள்ல 40 சதவீதம் வரை அப்படி. சேதமான செல்கள் தானா ரிப்பேர் ஆகல. எங்கேயோ தப்பிச்சு ஒளிஞ்சிருந்த நல்ல செல்கள், புகை நின்னதும் பெருகி அந்த இடத்தைப் பிடிச்சிருக்குன்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. புகை நிக்கிற வரைக்கும் அதுங்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது.

நம்ம ஊர்க் கணக்கு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, நம்ம ஆளுங்க பீடிதானே குடிக்கிறாங்க"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. நான் போளூர்க்காரன். ஜவ்வாது மலை அடிவாரம். ஜமுனாமரத்தூர்ல இருந்து காலையில முதல் பஸ்ல இறங்குறவங்களைப் பார்த்தா, குளிருக்கு ஒரு கையில டீ, இன்னொரு கையில பீடி. பீடி இலைதானே, சிகரெட் மாதிரி கெமிக்கல் இல்லைன்னு ஊர்ல ஒரு நம்பிக்கை.

இதுக்கு பதில் நம்ம பக்கத்துலயே இருக்கு. காட்பாடியில இருந்து போளூர் வழியா போற ரயில் விழுப்புரம் போகும் இல்லையா, அந்த விழுப்புரம் மாவட்ட கிராமங்களையும் சென்னையையும் சேர்த்து, 1990-கள் கடைசியில கஜலட்சுமி, பீட்டோ குழு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க. 43,000 ஆண்களோட மரணத்தை, உயிரோட இருக்கிற 35,000 ஆண்களோட ஒப்பிட்டாங்க. 2003-ல 'லான்செட்' இதழ்ல வந்துச்சு. சென்னையில பெரும்பாலும் சிகரெட், கிராமத்துல பெரும்பாலும் பீடி. ரெண்டு இடத்துலயும் புகைக்கிறவங்க சாவு அதிகம். அதுலயும் காசநோயால சாகிற ஆபத்து, புகைக்காதவங்களை விட நாலு மடங்குக்கு மேல! புகைன்னாலே நம்ம ஞாபகத்துக்கு வர்றது கேன்சர் மட்டும்தான். நம்ம ஊர்ல அது காசநோய் வழியாவும் கொல்லுது. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா "இது பீடி இருமல்தான்"னு விடாம, அரசு மருத்துவமனையில சளி பரிசோதனை பண்ணணும்னு சொல்றது இதனாலதான்.

2008-ல இந்தியா முழுக்க நடந்த இன்னொரு ஆய்வு, பீடி குடிக்கிற ஆண்களுக்கு ஆயுசுல சுமார் 6 வருஷமும், சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கு சுமார் 10 வருஷமும் குறையுதுன்னு சொல்லுச்சு. பீடி சின்னதுதான். ஆனா அதோட இலையில காற்று சுலபமா புகாது. அணையாம இருக்க அடிக்கடி, ஆழமா இழுக்கணும். அந்த இழுப்புதான் பிரச்சனை.

எங்க அப்பாவுக்கு 47 வயசு. ரைஸ் மில் வேலை. 26 வருஷமா பீடி. "விட்டுடுங்கப்பா"ன்னு எப்போ சொன்னாலும் ஒரே பதில்தான்: "போடா, இத்தனை வருஷம் குடிச்சாச்சு. இனிமே விட்டா என்ன ஆகப் போகுது?" இந்தப் பதிலை உங்க வீட்லயும் கேட்டிருப்பீங்க. மேல இருக்கிற பட்டியலை மறுபடி பாருங்க. 47 வயசுக்காரர் இன்னைக்கு நிறுத்தினா 50-ஆம் வரிசைக்கும் முன்னாடி நிக்கிறார். விடலைன்னா முதல் வரிசை. 26 வருஷம்ங்கிறது கிராஃப் செங்குத்தா எழும்ப ஆரம்பிக்கிற இடம். அதனால "இத்தனை வருஷம் ஆச்சு"ங்கிறது விடாம இருக்க காரணம் ஆகாது. இன்னைக்கே விடணும்ங்கிறதுக்குத்தான் அது காரணம்.

அப்போ ஏன் விட முடியல?

மன உறுதி இல்லைன்னு திட்டுறது சுலபம். ஆனா நிக்கோடின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா திட்ட மாட்டோம். ஒரு இழுப்பு இழுத்தா 10 முதல் 20 விநாடிக்குள்ள நிக்கோடின் மூளைக்குப் போயிடும். அங்க இருக்கிற ரிசெப்டார்ல ஒட்டிக்கிட்டு டோபமைனைச் சுரக்க வைக்கும். ரத்தத்துல அதோட அரை ஆயுள் சுமார் ரெண்டு மணி நேரம். அளவு குறையக் குறைய எரிச்சல், பதற்றம், கவனம் சிதறுறது. அடுத்த சிகரெட் அந்த எரிச்சலை அடக்கும். அது அடக்குற எரிச்சலே முந்தின சிகரெட் உண்டாக்கினதுதான்! சுத்தமான ஃபீட்பேக் லூப். "டென்ஷனுக்கு ஒரு தம்"ங்கிறதோட ரகசியம் இவ்வளவுதான்.

நிறுத்தினா முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சக் கஷ்டம். அப்புறம் ரெண்டு முதல் நாலு வாரத்துல படிப்படியா குறையும். எந்த உதவியும் இல்லாம தனியா முயற்சி பண்றவங்கள்ல, ஆறு மாசம் அல்லது ஒரு வருஷம் தாண்டியும் தாக்குப்பிடிக்கிறது 100-க்கு 3 முதல் 5 பேர்தான். இது பலவீனத்தைக் காட்டுற எண் இல்ல. உதவி தேவைங்கிறதைக் காட்டுற எண்.

உதவி கிடைச்சா எண் மாறுமா?

மாறும். அதுக்கு நல்ல சான்று 'லங் ஹெல்த் ஸ்டடி'. 1986-ல ஆரம்பிச்சு அமெரிக்கா, கனடாவுல 5,887 பேரை வச்சு நடந்துச்சு. எல்லாரும் புகைக்கிறவங்க, நுரையீரல் லேசா பாதிக்கப்பட்டவங்க. குலுக்கல் முறையில ஒரு பகுதியினருக்கு 10 வாரத் திட்டம்: டாக்டரோட அழுத்தமான அறிவுரை, குழுவா உட்கார்ந்து பயிற்சி, நிக்கோடின் சூயிங்கம். மத்தவங்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா, திட்டத்துல இருந்தவங்கள்ல 21.7 சதவீதம் பேர் நிறுத்தி அப்படியே இருந்தாங்க. மத்த பக்கம் 5.4 சதவீதம்தான்.

14 வருஷத்துக்கு மேல கவனிச்சு 2005-ல முடிவு சொன்னாங்க. அந்தக் காலத்துல இறந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் நுரையீரல் புற்றுநோயால இறந்திருந்தாங்க. திட்டம் கிடைச்ச குழுவுல மொத்த மரணமே சுமார் 15 சதவீதம் குறைவு. இதை நல்லா கவனிங்க: அந்தக் குழுவுல நூத்துக்கு இருபத்திரெண்டு பேர்தான் முழுசா விட்டாங்க. அதுவே மொத்தக் குழுவோட சாவு விகிதத்தைக் குறைக்கப் போதுமா இருந்துச்சு. பத்து வாரத் திட்டம் ஒண்ணு, பதினாலு வருஷம் கழிச்சு உயிர்க் கணக்குல தெரியுது.

ஒரு நல்ல திட்டத்துல என்னென்ன இருக்கும்?

ஒண்ணு, நாள் குறிக்கிறது. "அப்புறம் பார்க்கலாம்"னு இல்லாம, ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு தேதி.

ரெண்டு, தூண்டுற விஷயத்தைக் கண்டுபிடிக்கிறது. டீக்கடை, லேப் முடிஞ்ச நேரம், எக்ஸாம் ராத்திரி, ஒரு குறிப்பிட்ட நண்பர் கூட்டம். எது உங்களை இழுக்குதோ அதுக்கு முன்கூட்டியே மாற்று.

மூணு, மருந்து. நிக்கோடின் கம், பேட்ச் மாதிரி மாற்று சிகிச்சை வெற்றி வாய்ப்பை ஒன்றரை மடங்கு ஆக்குது. நிக்கோடின் மட்டும் மெதுவா கிடைக்கும், புகையும் தாரும் கிடையாது. கம்மை பபிள்கம் மாதிரி மெல்லக்கூடாது. காரம் தெரியுற வரை மெதுவா மென்னு, கன்னத்துல ஒதுக்கி வைக்கணும். மெல்லுறதுக்கு கொஞ்சம் முன்னாடி டீ, காபி கூடாது. வரெனிக்லின், புப்ரோபியான் மாதிரி மாத்திரைகளும் இருக்கு. அதெல்லாம் டாக்டர் சொன்னா மட்டும்தான்.

நாலு, தொடர்ந்து விசாரிக்கிறது. ஒரு தடவை அறிவுரை சொல்லி அனுப்புறதை விட, மறுபடி கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க?"னு கேக்குறதுதான் வழுக்காம பிடிச்சுக்கும். வழுக்கினாலும் அது தோல்வி இல்ல. பல தடவை முயற்சி பண்ணித்தான் நிறைய பேர் விட்டிருக்காங்க.

நமக்குப் பக்கத்துல என்ன இருக்கு?

2002-ல உலக சுகாதார நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து இந்தியாவுல 13 புகையிலை நிறுத்த கிளினிக் ஆரம்பிச்சாங்க. அதுல ஒண்ணு சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துல. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல ஆரம்பிச்ச அதே நிலையம்தான். கேன்சர் வந்தவங்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடமே, வராம தடுக்கிற வேலையையும் கையில எடுத்துக்கிச்சு.

ஆனா ஜமுனாமரத்தூர்ல இருக்கிற ஒருத்தர் அடையாறுக்கு எப்படிப் போவார்? கூலியை விட்டுட்டு பஸ் ஏறணும். அங்கதான் போன் உதவுது. 2016-ல டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்துல தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் ஆரம்பிச்சாங்க: 1800-11-2356. இலவசம். பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களுக்கும் விரிவாச்சு, தமிழ்லயும் பேசலாம். 2018 செப்டம்பர்ல இருந்து பாக்கெட் மேலயே இந்த எண்ணை அச்சடிக்கணும்னு விதி. படத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறோம், கீழ இருக்கிற எண்ணைப் படிக்கிறதில்ல. இது இல்லாம, மாவட்ட அரசு மருத்துவமனையில புகையிலை நிறுத்த ஆலோசனை எந்தப் பிரிவுல கிடைக்கும்னு கேட்டுப் பார்க்கலாம்.

ஆசை இல்லாம இல்ல. 2016-17 தேசியக் கணக்கெடுப்புல, புகைக்கிறவங்கள்ல 55 சதவீதம் பேர் விடணும்னு நினைக்கிறதா சொன்னாங்க. பாதிக்கு மேல! அவங்க கையில அந்த எண் போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல வழக்கமா வர்ற சந்தேகங்கள்

"லைட்ஸ் பரவாயில்லையா?" – இல்ல. நிக்கோடின் பத்தாம இன்னும் ஆழமா இழுப்போம். புற்றுநோய் ஆபத்து குறையல.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான்." – இருபதை ஒண்ணா குறைச்சா இதய நோய் ஆபத்தும் இருபதுல ஒரு பங்கு ஆகும்னு தோணும். 2018-ல வந்த ஆய்வு, கூடுதல் ஆபத்துல ஏறக்குறைய பாதி அந்த ஒண்ணுலயே இருக்குன்னு சொல்லுது. நுரையீரலுக்கோ வருஷக் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். குறைக்கிறது, நிறுத்துறதுக்கான படியா இருந்தா நல்லது. அங்கேயே நின்னுட்டா போதாது.

"வேப் அடிச்சா?" – இந்தியாவுல 2019-ல இ-சிகரெட் தடைச் சட்டம் வந்துடுச்சு. விக்கிறது, விளம்பரம் பண்றது எல்லாமே குற்றம். கள்ளத்தனமா வர்ற பொருளுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

"எங்க தாத்தா 85 வயசு வரை சுருட்டு பிடிச்சார்." – மேல இருக்கிற பட்டியலை பாருங்க. விடாதவங்கள்லயும் 100-க்கு 84 பேர் நுரையீரல் புற்றுநோயால சாகல. உங்க தாத்தா அந்தப் பக்கம் இருந்திருக்கார். அது நிகழ்தகவு. பாலிசி இல்ல.

"புகைக்காதவங்களுக்கும் வருதே?" – வருது. விறகு அடுப்புப் புகை, அடுத்தவர் விடுற புகை, வேற காரணங்களும் உண்டு. ஆனா நம்ம கையில இருக்கிற பெரிய சுவிட்ச் இதுதான்.

இந்த வாரம் செய்யக்கூடியது

நீங்க புகைக்கிறவரா இருந்தா, காலண்டர்ல ஒரு தேதி போடுங்க. எக்ஸாம் வாரம் வேண்டாம். அந்த எண்ணை போன்ல சேவ் பண்ணுங்க. ஆசை வர்றப்போ நாலு விஷயம்: தள்ளிப்போடுங்க, ஆழமா மூச்சு விடுங்க, தண்ணி குடிங்க, வேற வேலைக்குப் போங்க. ஒரு அலை சில நிமிஷத்துல அடங்கிடும்.

நண்பர் விட முயற்சி பண்றார்னா, கிண்டல் வேண்டாம். முதல் மூணு நாள் டீக்கடைக்கு வேற வழியா கூட்டிட்டுப் போங்க. அவர் எரிஞ்சு விழுந்தா அது நிக்கோடின் பேசுறது, மனசுல வச்சுக்காதீங்க.

வீட்ல அப்பாவோ மாமாவோ இருந்தா, பயமுறுத்தாம இந்தப் பட்டியலைக் காட்டுங்க. நான் அப்பாகிட்ட தமிழ்ல எழுதிக் கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சார். "60-ல விட்டாலும் குறையுமா?"ன்னு கேட்டார். "குறையும்ப்பா, ஆனா 47-ல விட்டா இன்னும் குறையும்"னேன். பதில் சொல்லல. காகிதத்தை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார், பீடிக் கட்டு இருக்கிற அதே பையில. அடுத்த லீவுக்குப் போறப்போ, நானே அந்த எண்ணைப் போட்டு அவர் கையில போனைக் கொடுக்கிறதா இருக்கேன்.

உங்க வீட்ல யாருக்கு இந்தப் பட்டியல் தேவைப்படுதோ, அவங்களுக்கு இன்னைக்கே அனுப்பி வைங்க.